நீலகிரியில் சுற்றுச்சூழல் ஆவணப்படம் எடுக்க வருகிறீர்களா? தாள், பணம், பருவம்: ஒரு வழிகாட்டி

காடு பிடிக்கும், கேமராவும் கையில் இருக்கிறது, இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு மலையேறி வரும் இளைஞர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த குறும் ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. ஆனால் பலர் முதல் செக்போஸ்டிலேயே சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். திறமை குறைவு என்பதால் அல்ல. எந்த மனுவை யாரிடம் கொடுப்பது, எந்த மாதத்தில் வருவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கோத்தகிரியில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் இதையெல்லாம் அலைந்து அலைந்துதான் கற்றுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான். உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதல் படத்தைக் காட்டுக்கு வெளியே எடுங்கள்

புதிதாக வருகிற எல்லோருக்கும் புலி வேண்டும், யானை வேண்டும். முதுமலைக்குள் போக அனுமதி கேட்டால், இதற்கு முன் என்ன படம் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நிதி கொடுப்பவர்களும் அதையேதான் கேட்பார்கள். முதல் படம் இல்லாமல் அனுமதி கிடைப்பது கடினம். அனுமதி இல்லாமல் முதல் படம் எப்படி என்று திகைக்க வேண்டாம். நீலகிரியின் முக்கியமான சுற்றுச்சூழல் கதைகளில் பாதி, வனத்துறை எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்தான் நடக்கின்றன.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கரடி நடமாடுகிறது, இரவில் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. குன்னூரில் காட்டெருமை தெருவில் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் அது நகரும்வரை காத்திருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடிக் குச்சிகளை வளைத்து நிஜ யானை அளவுக்கே யானை செய்கிறார்கள். அந்த யானைகள் லண்டன் வரை போய் நின்றன. சதுப்பு நிலத்தை மூடி வீடு கட்டுவது, சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் புல்வெளியை விழுங்கியது, பசுந்தேயிலை விலை விழுந்தால் சிறு விவசாயி நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்பது என எதை எடுத்தாலும் படம் இருக்கிறது. இவற்றுக்கு வேண்டியது நில உரிமையாளரின் சம்மதமும் உங்கள் பொறுமையும்தான்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்குள் வந்தாலும் காட்டு விலங்கு காட்டு விலங்குதான், சட்டம் கூடவே வரும். டார்ச் அடித்து விரட்டிப் படமெடுப்பதும், தீனி வைத்து வரவழைப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும். அதைவிட முக்கியம், நீங்கள் விரட்டிய காட்டெருமை அடுத்த தெருவில் நடந்து வரும் ஒரு பாட்டியின் மீது பாயலாம்.

பத்துப் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று போதும். அதுவே உங்கள் அடையாள அட்டை.

2. படிப்பா, உதவியாளர் வேலையா

இரண்டுமே வழிதான். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புனேவில் மத்திய அரசின் திரைப்பட நிறுவனம் முழுப் படிப்போடு குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. ஆனால் இந்தத் துறையில் கேமரா தெரிந்தவர்களை விட, விலங்கும் நிலமும் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வன உயிரியல் படிப்பு உண்டு. அதைப் படித்துவிட்டுக் கேமராவைக் கற்றுக்கொண்டவருக்கு, கேமராவை மட்டும் கற்றவரைவிட இங்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. சென்னையின் சேகர் தத்தாத்ரி பதின்ம வயதில் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கியவர். பாம்பைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கேமரா வந்தது.

படிக்க வசதியில்லை என்றால், படம் எடுக்க வரும் குழுவுக்கு உள்ளூர் உதவியாளராகச் சேருங்கள். டிரைபாட் தூக்குவதும், மறைவிடத்தில் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதும், ஃபுட்டேஜைப் பதிவு எழுதி வைப்பதும் எந்த வகுப்பிலும் இந்த அளவுக்கு வராது. ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்திலும், கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அறக்கட்டளையிலும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பழகுங்கள். கதையும் அங்கிருந்து வரும், பின்னால் பரிந்துரைக் கடிதமும் வரும்.

3. நிற்கிற நிலம் யாருடையது என்று பாருங்கள்

இந்த மாவட்டத்தில் பத்து அடி நகர்ந்தால் நிலத்தின் சொந்தக்காரர் மாறிவிடுவார். காப்புக்காடு என்றால் சம்பந்தப்பட்ட கோட்டத்தின் மாவட்ட வன அலுவலர். முதுமலை என்றால் புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர் வழியாகச் சென்னை வரை போக வேண்டும். அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டம் என்றால் குன்னூரில் உள்ள தலைமை அலுவலகம். தனியார் எஸ்டேட் என்றால் மேலாளரின் கையெழுத்திட்ட கடிதம். கங்காணி வாய்மொழியாகச் சொன்னது போதாது. மலை ரயிலையோ அதன் தண்டவாளத்தையோ எடுக்க வேண்டுமானால் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தை அணுகுங்கள்.

வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் தனி ரகம். அங்கே பறவை உட்கார்ந்திருந்தாலும் கேமராவைத் தூக்காதீர்கள்.

4. வனத்துறை விண்ணப்பம்

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 28-வது பிரிவுப்படி சரணாலயத்துக்குள் போக அனுமதி தருபவர் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர். 2022-ல் வந்த திருத்தத்தில் திரைப்படமெடுப்பும் அந்தப் பிரிவில் சேர்ந்தது, ஒரு நிபந்தனையோடு: வாழிடத்தை மாற்றக் கூடாது, அதற்கும் விலங்குக்கும் கெடுதல் வரக் கூடாது. உங்கள் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இந்த நிபந்தனையை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். செயற்கை விளக்கு இல்லை, பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இல்லை, கிளை வெட்டுவது இல்லை, கூட்டின் அருகே போவது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். படிக்கிற அதிகாரிக்கு அதுதான் முதலில் தேவை.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்த மனு அங்கேயே முடிந்துவிடாது. கருத்துக் கேட்டு முதுமலைக்கே திரும்பி வரும். அங்கிருந்து வனச்சரகரிடம் போகும். அவர் குறிப்பு எழுதி, வந்த வழியே மேலே ஏறும். ஒவ்வொரு மேசையிலும் ஏதாவது ஒரு கேள்வி எழும்பினால் அங்கேயே தங்கிவிடும். என் கோப்பு ஒன்று வரைபடம் தெளிவாக இல்லை என்பதற்காக ஒரு அலுவலகத்தில் ஒரு முழுப் பருவமும் கிடந்தது. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்தான். அதனால் எந்தக் கேள்விக்கும் இடம் வைக்காத மனுவாகக் கொடுங்கள். வழக்கமாகக் கேட்கப்படுபவை இவை:

– முகப்புக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும்
– குழுவினரின் பெயர்ப் பட்டியல், ஆதார் நகல், புகைப்படம்
– கருவிகளின் பட்டியல், வரிசை எண்ணோடு
– வண்டியின் ஆர்.சி., காப்பீடு, டிரைவரின் உரிமம்
– தேதிவாரியான படப்பிடிப்புத் திட்டம், சரகத்தின் பெயரோடு
– இடங்களைக் குறித்த வரைபடம்
– முந்தைய படத்தின் பிரதி அல்லது இணைப்பு
– பின்னால் நிற்கும் நிறுவனத்தின் கடிதம், இருந்தால்
– நிபந்தனைகளை ஏற்பதாக உறுதிமொழி

‘முதுமலை முழுவதும்’ என்று இடத்தை எழுதினால் கோப்பு நகராது. மசினகுடி சரகம், சிங்காரா சரகம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பட்டியலில் இல்லாத லென்ஸை அங்கே எடுத்தால் கேள்வி வரும், பட்டியலில் இல்லாத ஆளை உள்ளேயே விடமாட்டார்கள். அதனால் வரலாம் வராமலும் போகலாம் என்ற ஆட்களையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டு நண்பரைக் கேமராமேனாகப் போடாதீர்கள். அந்த ஒரு பெயரால் மொத்தக் கோப்பும் வேறு துறைகளுக்குப் போய்விடும்.

கட்டணம் ஆவணப்படத்துக்கு ஒன்று, கதைப்படத்துக்கு ஒன்று. நாள், கேமரா, வண்டி என்று தனித்தனியாகவும் வரும். அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் மனு போடுவதற்கு முன்பே நடப்புக் கட்டண அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ரசீது தராத எந்தப் பணமும் கட்டணம் இல்லை. கூட வரும் வனக் காவலரின் சாப்பாடும் வண்டியில் ஒரு இருக்கையும் உங்கள் பொறுப்பு. திட்டமிடும்போதே ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள்.

எவ்வளவு நாளாகும்? மூன்று மாதம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். முன்னால் வந்தால் நல்லது. அனுமதி வந்த பிறகும் நேராகக் கேமராவோடு போகாமல் முதல் நாள் கையை வீசிக்கொண்டு போய் சரகரையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் பாருங்கள். இந்தக் காவலர்களில் பலர் பழங்குடியினர். பாறுக் கழுகு எந்த மரத்தில் அடைகிறது, யானை எந்த ஓடையில் இறங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். படத்தின் முடிவில் அவர்கள் பெயரைப் போடுங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

5. டிரோன்

முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். யானைக் கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டு மிரண்டு ஓடுவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அப்புறம் அந்த ஆசையே வராது.

கட்டாயம் வேண்டுமென்றால்: 2021-ன் டிரோன் விதிகளின்படி இணையத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்க வேண்டும். அதற்கான கட்டணம் 100 ரூபாய். 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு விமானி சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையிலான மைக்ரோ வகைக்கும் வணிக நோக்கம் இல்லையென்றால் தேவையில்லை. ஆனால் சேனலுக்கு விற்கப்போகும் படம் வணிகம்தான். விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது, அதனால் நண்பர் துபாயிலிருந்து கொண்டுவருவார் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். பறக்கவிடும் முன் வான்வெளி வரைபடத்தில் சிவப்பு (பறக்கத் தடை), மஞ்சள் (முன் அனுமதி வேண்டும்) மண்டலங்களைப் பாருங்கள். வானத்துக்கு அனுமதி கிடைத்தாலும் காட்டுக்கு மேலே பறக்கவிட வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி தனியாக வேண்டும்.

6. மக்களின் சம்மதம்

தமிழ்நாட்டில் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். படுகர்களின் ஹட்டிகள் (ஊர்கள்) வேறு. இவர்களில் யாரையும் அழகுக்காக மட்டும் ஃபிரேமுக்குள் நிறுத்தாதீர்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போனால் முதலில் பெரியவர்களைப் பாருங்கள், என்ன படம், யார் பணம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். தோடர்களின் கோயிலுக்கு எந்த எல்லைவரை போகலாம் என்று அவர்கள் சொல்வதுதான் எல்லை. அதைத் தாண்டி ஜூம் போட்டு எடுப்பதும் தாண்டுவதுதான்.

ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. அவர்கள் மொழியில் விளக்கி, அவர்கள் ஒப்புக்கொள்வதைக் கேமராவிலேயே பதிவு செய்யுங்கள். வேண்டாம் என்று பிறகு சொன்னால் எடுத்துவிடுவேன் என்பதையும் அதில் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்க உங்களோடு இருப்பவருக்கு அன்றைய தோட்டக் கூலி போய்விடும். அதை ஈடுகட்டுவது லஞ்சம் ஆகாது, நியாயம். மொழிபெயர்ப்பாளருக்குத் தனிச் சம்பளம் ஒதுக்குங்கள். படுகு மொழிக்கு ஆள் எளிதாகக் கிடைப்பார். தோடர் மொழிக்குக் கிடைப்பது அரிது, அதனால் படப்பிடிப்பு முடிந்த கையோடு சப்டைட்டிலுக்கும் அவரிடமே தேதி வாங்கிவிடுங்கள்.

7. எந்த மாதம், எந்தப் பக்கம்

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடித்துத் துவைக்கும்: கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை கிழக்குப் பக்கம் வரும்: குன்னூர், கோத்தகிரி, அப்போது மண்சரிவில் சாலை அடைபடும். அதனால் ஒரு பக்கம் மழை என்றால் மறுபக்கம் வேலை பார்க்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி, தெளிந்த வானம்; புல்வெளிக் காட்சிகளுக்கு அதுதான் காலம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத் தீ காலம், அனுமதி இருந்தாலும் நிறுத்திவைக்கலாம். 2018-ல் குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிப் பக்கம் போகாதீர்கள். அறை வாடகை ஏறிவிடும், சாலையிலேயே பாதி நாள் போய்விடும்.

குறிஞ்சி எடுக்க ஆசையா? 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இப்போதே திட்டமிட்டால் சரியாக இருக்கும்.

பனிமூட்டக் காலத்தில் கோத்தகிரியில் காலை ஆறரை முதல் ஒன்பது வரைதான் வெளிச்சம் கையில் கிடைக்கும். அப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிவந்து எதிரில் நிற்கும் மரத்தையே மறைத்துவிடும். அந்த நேரத்தை ஒலிப்பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை, தேயிலை வெட்டும் மெஷின் ஓய்ந்த பிறகு வரும் தவளைச் சத்தம், இவை படத்தில் பாதி வேலையைச் செய்துவிடும். மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு இல்லாமல் மலைக்கு வராதீர்கள்.

ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருக்கும். ஒரு மழைக்காலம் தோல்பையில் மூடி வைத்தாலே போதும், வந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள்; நீல மணிகள் வெளிறி ரோஸ் நிறமானதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியாக இருக்கட்டும். குளிரில் வெளியே இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள், அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

வண்டி விஷயம்: வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கோடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வந்திருக்கிறது, ஆகவே படப்பிடிப்புத் தேதி உறுதியானதும் முதலில் அதை எடுங்கள். முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. மசினகுடி வேலைகளுக்கு உள்ளூர் ஜீப்பும் உள்ளூர் டிரைவரும்தான் சரி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்திலேயே தடை, குழுவுக்கு ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

8. பணம்

முதல் படத்துக்குக் கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள். தொலைதூர லென்ஸ் 150-600 வகை புதிதாக ஒரு லட்சத்தை ஒட்டி வரும். கோவையில் வாடகைக்குக் கிடைக்கிறது, தேவையான நாட்களுக்கு மட்டும் எடுங்கள். சொந்தமாக வாங்க வேண்டியவை நல்ல டிரைபாட், மைக், ஹார்ட் டிஸ்க். டிஸ்க் எப்போதும் இரண்டு. ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறொரு வீட்டில்.

படப்பிடிப்பிலேயே பணம் தீர்ந்து, எடிட் ஆகாமல் டிஸ்க்கில் உறங்கும் படங்கள் இந்த மலையில் நிறைய. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை எடிட், ஒலிக்கலவை, நிறத்திருத்தம், சப்டைட்டில் ஆகியவற்றுக்குத் தொடாமல் எடுத்து வையுங்கள்.

வருமானத்துக்கு முதல் சில வருடங்கள் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி அமைப்புகளுக்கும் சிறு படங்கள் எடுத்துத் தருவதுதான் நடைமுறை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டே இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எந்த வேலையானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: எடிட் செய்யாத ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம்? அது உங்களிடம் இருந்தால் ஐந்து வருடம் கழித்து ஒரு பெரிய படத்துக்கு அதுவே மூலதனம். பணம் தருபவர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார், ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறுங்கள். சிறுதொழில் செய்பவர்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாகப் பணம் வந்தால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரும், கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். பெரிய நிதிக்கு, நிதி தருபவர்களிடம் படத் திட்டத்தை எடுத்துச் சொல்லும், கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் போன்ற பிட்ச் அரங்குகளுக்கு ஐந்து நிமிட ட்ரெய்லரோடு போகலாம்.

9. படம் முடிந்த பிறகு

யூடியூபில் உடனே போட்டுவிடாதீர்கள். பல விழாக்கள் இணையத்தில் வெளியான படத்தை எடுப்பதில்லை. திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மும்பை விழா, சுற்றுச்சூழலுக்கென்றே உள்ள சி.எம்.எஸ். வாதாவரண், ஆல்ட் எஃப் ஆகியவற்றின் கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். நுழைவுக் கட்டணங்கள் சேர்ந்தால் கணிசமாகும், நான்கைந்து விழாக்களைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். பொதுத் திரையிடலுக்குச் சென்சார் வாங்கப் போகும்போது, படத்தில் விலங்குகள் இருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். வனத்துறை அனுமதியின் மூலப் பிரதி அப்போது தேவைப்படும், தொலைத்துவிடாதீர்கள்.

வனத்துறைக்குப் பிரதி தருவதாக உறுதிமொழியில் எழுதியிருப்பீர்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். அடுத்த மனுவோடு அந்தத் தாளை இணைத்தால் கோப்பு வேகமாக நகரும். கூடு, குகை, நீர்நிலை எதன் இருப்பிடத்தையும் படத்திலோ விளம்பரத்திலோ அடையாளம் தெரியும்படி விடாதீர்கள்.

விழாவுக்கு அனுப்பும் முன்பே, படத்தில் இருக்கும் ஊரில் திரையிடுங்கள். சமுதாயக் கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியும் வாடகை புரொஜெக்டரும் போதும். மின்சாரம் நம்ப முடியாது, பேட்டரி கொண்டுபோங்கள். மாலை நான்கு மணிக்கு வைத்து ஆறுக்குள் முடித்துவிடுங்கள். இருட்டினால் காட்டெருமை சாலைக்கு வந்துவிடும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் இருப்பார்கள்.